வண்ணம் சேராத ஏழும் எட்டும்

ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டார்கள். அதை ஓர் அதிகாரி பார்த்துவிட்டார். விபரீதம் என்று சொன்னால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது.

மூன்றாம் வகுப்பு டீச்சர் இருபத்திரண்டு வருஷமாக மூன்றாம் வகுப்பிலேயே இருந்தவர். பிள்ளைகள் நாலாவதுக்குப் போய்விடுவார்கள், அவர் மட்டும் தங்கிவிடுவார். கணக்கு வகுப்பு வந்தால் பாதிப் பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கும். மீதிப் பாதிக்கு அவர்களைப் பார்த்து வலிக்கும். இதற்கு என்ன மருந்து என்று யோசித்த டீச்சர், சட்டை வைத்து விற்கும் அட்டைப்பெட்டிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினார். ஒரு துண்டில் 6 + 5 என்று எழுதினார், இன்னொன்றில் 11 என்று எழுதினார். இப்படி இருபது ஜோடி. நாற்பது அட்டையையும் தரையில் கவிழ்த்துப் பரப்பிவிட்டால், ஒரு பிள்ளை இரண்டைத் திருப்பும். கணக்கும் விடையும் சேர்ந்தால் இரண்டும் அந்தப் பிள்ளைக்கு. சேராவிட்டால் மறுபடி கவிழ்த்துவிட்டு, எது எங்கே கிடந்தது என்று மனசில் முடிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் பதினொன்று எந்த மூலையில் கிடந்தது என்று பிள்ளைகள் சண்டை போட்ட சத்தத்தில், வயிற்று வலிக்காரர்கள் வலியை மறந்தே போனார்கள்.

பெட்டிகளைக் கொடுத்தது நத்தையின் அம்மா. பெட்டி மடிக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. ஓரம் நசுங்கிய பெட்டிகளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, மகளின் பையில் வைத்து அனுப்பினார். நத்தை என்பது வகுப்பு வைத்த பெயர். எந்தக் கணக்கானாலும் அவள்தான் கடைசியில் முடிப்பாள். விரல் விட்டு எண்ணினால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்று ஷூவுக்குள் கால் விரல்களை மடக்கி எண்ணுவாள். வெளியே தெரிவது ஷூவின் நுனி லேசாக ஆடுவது மட்டும்தான். அவள் மெதுவாக முடிக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். தப்பாக முடிப்பதே இல்லை என்பது டீச்சருக்குக்கூட அட்டை விளையாட்டில்தான் தெரிந்தது. அவள் முறை வந்தால் ஓர் அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "சீக்கிரம் திருப்பு, மணி அடிச்சிடும்" என்று கத்துவார்கள். அவள் பாட்டுக்கு யோசித்துத் திருப்புவாள். சேரும். இரண்டு மாதத்தில் ஷூ ஆடுவது நின்றுவிட்டது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்.

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார்.

அவர் வந்தது உடைந்த ஜன்னல் கண்ணாடிகளை எண்ண. கண்ணாடி உடைந்திருந்ததால் சிரிப்புச் சத்தம் வராந்தாவரைக்கும் கேட்டது. எட்டிப் பார்த்தார். இது எந்தப் பாடவேளை என்று கேட்டார். கணக்கு என்று சொன்னார்கள். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கால அட்டவணையைப் பார்த்தார், மறுபடி பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு, "மாதிரிக்கு ஒரு செட் எடுத்துக்கிறேன்" என்று நாற்பது அட்டையையும் வாரி உறையில் போட்டுக்கொண்டு போனார். இருந்ததே ஒரு செட்தான். டீச்சருக்கு ஒரே பெருமை. அன்று மாலை நத்தையின் அம்மாவிடம் இன்னும் நாலு பெட்டி வாங்கி மறுபடி வெட்டினார். அந்தப் பெருமையை நினைத்தபோதெல்லாம் பிற்பாடு அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

கற்றல் இணைவு இயக்ககம் என்று ஒன்று இருந்தது. எதை எதோடு இணைப்பது என்று தெரியாமல் ஒன்பது வருஷமாகக் காத்திருந்த அலுவலகம் அது. அட்டைகள் அங்கே போய்ச் சேர்ந்ததும் ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. பதினோரு அமர்வுகள். கடைசி அமர்வுக்கு டீச்சரையும் அழைத்து, கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். கண்டுபிடித்தவர் என்பதால் அவர் ஒரு தரப்பு. தரப்பினர் கேட்டால் மட்டுமே பேசலாம் என்று விதி இருந்தது. யாரும் கேட்கவில்லை.

முதலில், அட்டையைக் கவிழ்த்து வைப்பதை நீக்கினார்கள். அரசு எதையும் கவிழ்த்து வைத்து மறைப்பதில்லை, எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றார் தலைவர். டீச்சர் தலையை ஆட்டினார். பிறகு, எது எங்கே இருந்தது என்று நினைவு வைத்துக்கொள்வதை நீக்கினார்கள். நினைவு வைத்துக்கொள்வதற்குத்தான் கோப்பு இருக்கிறதே. டீச்சர் தலையை ஆட்டினார். பிள்ளைகள் பேசக் கூடாது என்றார்கள். அதற்கும் ஆட்டினார். பெரிய மனிதர்கள், நாலும் யோசித்துத்தான் செய்வார்கள் என்று ஒவ்வொரு ஆட்டலுக்கும் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மிஞ்சியது ஒரு சிக்கல். பள்ளி பள்ளியாகப் போய்ச் சோதிக்க வேண்டிய இணைவு அலுவலர் எழுந்து அதைச் சொன்னார்.

"ஒரு பிள்ளைக்கு அஞ்சு ஜோடி. ஒரு ஸ்கூலுக்கு இருநூறு பிள்ளை. அந்த ஆயிரம் கணக்கையும் நாங்க போட்டுப் பார்க்கணும்னா எப்படிங்க? நாங்க என்ன மூணாங்கிளாஸா?"

குழு அவர் நியாயத்தை ஏற்றது. ஒவ்வொரு ஜோடிக்கும் அட்டையின் விளிம்பில் ஒரே வண்ணத்தில் பட்டை அடிப்பது என்று முடிவாயிற்று. கணக்குக்குச் சிவப்பு என்றால் விடைக்கும் சிவப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தூரத்திலிருந்தே தெரியும். கணக்குத் தெரியாத அலுவலரும் கணக்கைச் சரிபார்க்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். அந்த வரியை யாரும் இரண்டாம் முறை படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வண்ணத்தைப் பார்த்துப் பிள்ளைகளும் வைத்துவிடுவார்களே என்பது டீச்சரின் தொண்டைவரை வந்தது. கேட்டால்தானே பேசலாம் என்று விழுங்கிவிட்டார். விதி அவருக்கு அப்போது சௌகரியமாகத்தான் இருந்தது.

அடுத்த பருவத்தில் வகுப்புக்கு ஒரு பெட்டி வந்தது. தகரப் பெட்டி, பூட்டு, இரண்டு சாவி, ஒரு பதிவேடு. பளபளவென்று வழவழப்பான அட்டைகள். கூடவே ஒரு சுற்றறிக்கை: அங்கீகாரம் இல்லாத அட்டைகள் எதுவும் வகுப்பில் இருக்கக் கூடாது. டீச்சர் தன் கையால் வெட்டியதைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். 'அங்கீகாரமற்ற அட்டைகள், நாற்பது, பறிமுதல்' என்பதுதான் பதிவேட்டில் முதல் வரி.

இரண்டே நாளில் வகுப்பு முழுக்கத் தேறிவிட்டது. யாருக்கும் வயிறு வலிக்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை, சட் சட்டென்று வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஐந்தாம் வகுப்பின் வகுத்தல் பெட்டியை முடித்தார்கள். பள்ளியைக் கூட்டும் அம்மாவின் இடுப்பில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை இறங்கி வந்து மூன்று ஜோடி சேர்த்தது. தலைமையாசிரியர் அதன் பெயரைத் 'தனித்திறன்' என்ற பத்தியில் எழுதிக்கொண்டார்.

நத்தை மட்டும் இன்னும் அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், இது தப்பா அடிச்சிருக்காங்க" என்று ஒரு நாள் கொண்டுவந்து காட்டினாள். 7 + 8 அட்டையில் ஊதாப் பட்டை. 15 அட்டையில் மஞ்சள் பட்டை. ஊதா எங்கே இருக்கிறது என்று பார்த்தால் 16 அட்டையில் இருக்கிறது. 8 + 8 தான் மஞ்சள். அச்சகத்தில் இரண்டு விடைக்கும் வண்ணம் மாறிவிட்டது. முப்பத்திரண்டு பிள்ளைகளில் முப்பத்தொரு பேர் ஏழையும் எட்டையும் கூட்டிப் பதினாறு என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். டீச்சரும் பத்து நாளாக அதைச் சரி என்று பதிவேட்டில் குறித்திருக்கிறார். அவரும் வண்ணத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

தலைமையாசிரியரிடம் போனார். அவர் நல்ல மனிதர்தான், ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருந்தது.

"ஒண்ணுதானே டீச்சர் கூட வருது. குறைஞ்சிருந்தா கேள்வி கேப்பாங்க" என்றார்.

டீச்சர் விடவில்லை, இயக்ககத்துக்கு எழுதினார். அதை இங்கே சொல்லியாக வேண்டும், எழுதாமல் இல்லை. பதில் ஐந்து வாரத்தில் வந்தது. 'ஏழும் எட்டும் பதினைந்து என்ற தங்கள் கருத்து பெறப்பட்டது. அது அச்சுப் பிரிவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது. முடிவு தெரிவிக்கப்படும் வரை வண்ணமே இறுதியானது. அதுவரை இக்கருத்தை மாணவர்களிடம் பரப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

டீச்சர் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். அன்று நத்தையைக் கூப்பிட்டு, "கண்ணு, சோதனைக்கு வர்றப்ப மட்டும் கலரைப் பார்த்து வெச்சிடு, என்ன?" என்றார். அவள் ஷூவின் நுனி ஆடியது. சோதனையில் தேறாத பிள்ளை நாலாம் வகுப்புக்குப் போக முடியாது, அதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்று புதிய உத்தரவு வந்திருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

சோதனை நாளில் இயக்குநரே வந்தார். பின்னால் இணைவு அலுவலர், அவர் பின்னால் பதிவேடு, அதன் பின்னால் புகைப்படக்காரர். மேசை போட்டார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து, ஐந்து கணக்கு அட்டையை எடுத்து, ஐந்து விடை அட்டையைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். தலைக்குப் பத்து விநாடி. இயக்குநர் நடுவில் எழுந்து நாலு வார்த்தை பேசினார்.

"இந்தத் திட்டம் வரும் முன்பு நம் பிள்ளைகள் ஒரு கணக்கைப் பார்த்தால் யோசித்துக்கொண்டு நின்றார்கள். இன்று எந்தப் பிள்ளையும் யோசிப்பதில்லை. இந்த மாற்றத்தை ஒரே ஆண்டில் கொண்டுவந்திருக்கிறோம். இதே வேகத்தில் போனால், அடுத்து ஆசிரியர்களையும் அந்த நிலைக்குக் கொண்டுவர முடியும் என்று நம்புகிறேன்."

தலைமையாசிரியர் முதலில் கை தட்டினார். டீச்சரும் தட்டினார்.

நத்தை இருபத்தேழாவதாக வந்தாள். நாலு ஜோடி வைத்தாள். நாலும் சேர்ந்தன, நாலுக்கும் வண்ணமும் சேர்ந்தது. ஐந்தாவதாக அவள் கையில் வந்தது 7 + 8. மேசையில் ஊதாப் பதினாறும் கிடந்தது, மஞ்சள் பதினைந்தும் கிடந்தது. அவள் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புகைப்படக்காரர் கொட்டாவி விட்டார். பிறகு அவள் கையிலிருந்த ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்தாள்.

இணைவு அலுவலர் குனிந்து பார்த்தார். "கலர் சேரலையே பாப்பா."

"கணக்கு சேருது சார்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியதாக இருக்கும். அவள் சொன்ன விதத்தில் அவருக்கு ஏதோ உதவி செய்வது போல இருந்தது. இயக்குநர் சிரித்தார். இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். அவள் இரண்டு அட்டையையும் எடுத்து, நேராக அடுக்கி, அதே இரண்டை அதே இடத்தில் வைத்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஏழும் எட்டும் எத்தனை என்று அந்த அறையில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கூட்டி முடித்ததும் தெரிந்தது. அதன் பிறகு எல்லாரும் பதிவேட்டைப் பார்த்தார்கள்.

இயக்குநர் டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்கதானேம்மா இதைக் கண்டுபிடிச்சது? நீங்களே சொல்லுங்க. இது பொருந்துதா?"

கேட்டால் பேசலாம் என்பது விதி. இதோ கேட்டுவிட்டார்கள்.

"பொருந்தல சார்" என்றார் டீச்சர்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்காதீர்கள். அவரே எத்தனையோ நாள் கேட்டுப் பார்த்துவிட்டார். வேலை போயிருக்காது. மாற்றல்கூட வந்திருக்காது. இயக்குநர் 'ஓகோ' என்றிருப்பார், ஒருவேளை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார். பயப்படுவதற்கு ஒரு காரணமாவது கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கலாம் என்று பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. வாய் பழகிய வழியில் போய்விட்டது, அவ்வளவுதான்.

நத்தை அழவில்லை. டீச்சரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மேசையில் இருந்த இரண்டு அட்டையையும் குனிந்து ஒரு தடவை பார்த்தாள், தான்தான் சரியாகப் படிக்கவில்லையோ என்பது போல. பிறகு வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

முப்பத்திரண்டில் முப்பத்தொன்று. தலைமையாசிரியர் வருத்தப்படுவார் என்று பார்த்தால் அவர் கையைத் தேய்த்துக்கொண்டார். "முழுசா வந்திருந்தா சந்தேகப்பட்டிருப்பாங்க டீச்சர். ஒண்ணு குறைஞ்சதாலதான் மத்ததை நம்புறாங்க." இயக்ககத்தின் அறிக்கையும் அதையே சொன்னது: ஒரு மாணவி தவறியது இச்சோதனையின் நேர்மைக்குச் சான்று. அவள் பெயருக்கு எதிரே 'பொருத்தமற்றவர்' என்று எழுதினார்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில், 'பிடிவாதம் உண்டு'. வகுப்பாசிரியர் கையெழுத்து என்று இருந்த இடத்தில் டீச்சரின் கையெழுத்து இருந்தது. வழக்கத்தைவிட அழகாக விழுந்திருந்தது அது.

விடுமுறை விட்ட வாரத்தில் டீச்சருக்குப் பாராட்டு விழா நடந்தது. அங்கே சொல்லிவிடுவது என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு போனார். ஏழும் எட்டும் பதினைந்து, அந்தப் பிள்ளை வைத்ததுதான் சரி, இந்த இரண்டு வாக்கியம் போதும். பஸ்ஸில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கூடப் பார்த்தார். மேடையில் அவருக்கு ஒதுக்கிய நேரம் ஒரு நிமிஷம். அவர் பேச வேண்டியதை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். 'இத்தருணத்தில் எனக்கு வார்த்தைகள் வரவில்லை' என்று அது தொடங்கியது. டீச்சர் அதை முதலிலிருந்து கடைசிவரை ஓர் எழுத்து விடாமல் படித்தார். பலமாகக் கை தட்டினார்கள். கண்ணாடி போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று கொடுத்தார்கள். அதை வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே சொருகிவைத்தார். மறுநாள் பட்டறைக்குப் போனார்.

பட்டறை நீளமான கூடம். இரண்டு பக்கமும் பெண்கள் தரையில் உட்கார்ந்து, தட்டை அட்டையை நாலு மடிப்பு மடித்து, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதைச் சொருகிப் பெட்டியாக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். விடுமுறை என்பதால் நத்தையும் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளை வேலை செய்யச் சொல்லவில்லை, சும்மா இருக்க முடியாமல் கட்டு சேர்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கனம். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடுக்கினால் கட்டு சாய்ந்துவிடும். அதனால் ஏழு பெட்டி இந்தப் பக்கம் பார்த்தபடி, எட்டுப் பெட்டி அந்தப் பக்கம் பார்த்தபடி. மேலே ஒரு சரடு. அவள் எண்ணுவதாகவே தெரியவில்லை. கை போய்க்கொண்டிருந்தது.

அம்மா டீச்சரைப் பார்த்ததும் பதறி எழுந்து, ஒரு ஸ்டூலைத் தன் முந்தானையால் துடைத்துப் போட்டார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க எவ்வளவோ பாடுபட்டீங்க டீச்சர். உங்க பேரைக் கெடுத்துட்டா. வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு நானே நெனச்சிட்டிருந்தேன். இதுக்குக் கணக்கு ஏறலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

டீச்சரால் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டும் இருக்க முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் குழந்தைக்குப் பக்கத்தில் குந்தினார். அந்தப் பிள்ளையின் வாயால் பதினைந்து என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் மீதியைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ஏழும் எட்டும் எவ்வளவு கண்ணு?"

நத்தை சரடை முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"இங்கயா டீச்சர், ஸ்கூல்லயா?"

பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள். டீச்சர் அவசரமாகச் சொன்னார்.

"எங்கேயும் பதினஞ்சுதான்."

"அன்னைக்கு நீங்க பக்கத்துலதானே நின்னீங்க."

குரலில் கோபம் இல்லை. தெரியாத தெருவில் வழி கேட்கும்போது இருக்கும் குரல். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். அம்மா சட்டென்று மகளின் தோளைப் பிடித்து இழுத்தார். "டீச்சர்கிட்ட இப்படித்தான் பேசுறதா? மன்னிப்புக் கேளு."

"அவ கேக்க வேண்டாம்மா, விடுங்க" என்றார் டீச்சர். "அவ பேசட்டும்."

ஆனால் அவள் பேச வேண்டியதைப் பேசி முடித்திருந்தாள். அடுத்த ஏழு பெட்டியை எடுத்து இந்தப் பக்கம் பார்த்தபடி அடுக்க ஆரம்பித்தாள். கூடத்தில் மடிக்கும் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் டீச்சரையே பார்த்தார்கள். மீதியை அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.